கை நன்றாக இருந்த நண்பகல்

சௌந்தரநாயகிக்கு வலி புதிதல்ல. முடக்குவாதம் வந்து ஆறு வருஷமாயிற்று. விடியற்காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும்; வெந்நீரில் முக்கி எடுத்த பிறகுதான் மீன் கீறும் கத்தி கையில் நிற்கும். வெயில் ஏற ஏற வலி இறங்கும். நண்பகலில் கருவாட்டுத் திடலில் மற்ற பெண்களுக்குச் சமமாகத் திருக்கை மீனைக் கீறி, உப்பு வைத்துக் காயப்போடுவாள். வேதாரண்யத்துக்குத் தெற்கே இருந்த அந்த மீனவக் குப்பத்தில் அவள் போட்ட கருவாட்டுக்குத் தனிப் பெயர்.

நாகப்பட்டினத்து டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

“கிருமியோட சண்டை போட வேண்டிய எதிர்ப்பொருள் உங்க உடம்பையே எதிரின்னு நெனைச்சு அடிக்குதும்மா. உங்க ரத்தத்துல அது ரொம்ப அதிகம். அந்த வீக்கம் மூட்டோட நிக்காது, இதயத்து ரத்தக் குழாயையும் கெடுக்கும். மாரடைப்பு வர வாய்ப்பு மத்தவங்களைவிட உங்களுக்குக் கூடுதல். நெஞ்சுதான் வலிக்கணும்னு இல்ல. தோள், தாடை வலிக்கலாம். வேர்த்துக் கொட்டலாம். உடனே வந்துடணும்.”

“தோளு எனக்குத் தெனம் வலிக்குதேம்மா. எது எந்த வலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“சந்தேகமா இருந்தாலே வந்துடுங்க” என்று டாக்டரம்மா மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

சௌந்தரநாயகியின் அக்கா தர்மாம்பாளுக்கும் இதே வாதக் கைதான். சுனாமிக்கு முந்தின வருஷம், மீன் ஏலத்தின்போது தோள் வலிக்கிறதென்று மணலில் உட்கார்ந்தாள். வாதம்தானே என்று எண்ணெய் தேய்த்தார்கள். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள். கரையில் உயிர் விட்டவர்களை வலையில் கிடத்தித் தூக்கிவருவது ஊர் வழக்கம். அக்காவும் வலையில்தான் வீட்டுக்கு வந்தாள்.

டாக்டரம்மா சொன்னதைப் புருஷன் காயாரோகணத்திடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. தோள் வலித்த ஒவ்வொரு காலையிலும் இதுதான் அதுவோ என்று உள்ளுக்குள் நடுங்கினாள்.

சுனாமிக்குப் பிறகு கரையோர நிலங்கள் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. கருவாட்டுத் திடல் தன்னுடையது என்று ஓர் இறால் பண்ணைக்காரர் பட்டாவோடு வந்தார். புறம்போக்கு என்றது ஊர். ஆட்சி மாறியது, ஊர் கொடுத்த மனுவுக்கு மட்டும் பதில் வரவில்லை. இறால் குளம் வெட்டப் பொக்லைன் வருகிறது என்று தெரிந்ததும் பஞ்சாயத்து கூடி முடிவு செய்தது: ஆண்கள் கடலுக்குப் போகட்டும், வீட்டுக்கு ஒரு பெண் பாதையில் உட்கார வேண்டும். வராத வீட்டை ஊர் தள்ளிவைக்கும்.

உப்பளங்களுக்கு நடுவே ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில் மண்பாதை. பெண்கள் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பொக்லைன். உச்சி வெயில். சௌந்தரநாயகிக்கு இடது தோள் கனத்தது. வலி தாடைக்கு ஏறியது.

“ஏண்டி, மூஞ்சி வெளுத்துப்போச்சு? மெசினைப் பாத்துப் பயந்துட்டியா?” என்றாள் முன்வரிசையில் இருந்த வள்ளியம்மை.

“புருசனுக்கே பயப்படாதவ, மெசினுக்கா பயப்படுவா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

சௌந்தரநாயகி இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். மூட்டு வலியென்றால் தூக்கும்போது உயிர் போகும். இந்த வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. விரல்களை மடக்கினாள், மெத்தென்று மடங்கின. கை நன்றாக இருந்தது. முதுகில் வேர்வை சில்லென்று இறங்கியது.

“அக்கா, இது வாதமில்லக்கா.”

“இரு, எண்ணெய் கொண்டாரச் சொல்றேன்.”

“எண்ணெய் வேணாம்! எங்கக்காளுக்குத் தேய்ச்சது போதும்!”

வள்ளியம்மை அவள் முகத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கைப்பேசியை எடுத்து 108-ஐ அழைத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்து பொக்லைனுக்குப் பின்னால் நின்றது. “எந்திரிங்க, திடலுக்குள்ள ஒதுக்கி வண்டிக்கு வழி விடறேன்” என்றான் பொக்லைன் ஓட்டி. உள்ளே வந்த பொக்லைன் வெளியே போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் எழவில்லை.

“வலையக் கொண்டாங்கடி” என்றாள் வள்ளியம்மை.

வலையைக் கண்டதும் சௌந்தரநாயகி அலறினாள். “அதுல வேணாம்க்கா! நடந்தே வர்றேன்!”

“நடக்கக் கூடாது. படு. தலையத் தூக்கிக்க, பேசிக்கிட்டே வா. பேசுறவள எவளும் பொணம்னு சொல்லமாட்டா.”

நாலு பேர் வலையைத் தூக்கிப் பாதையோரத்து உப்புத்தண்ணீரில் இறங்கினார்கள். மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்து இடைவெளியை அடைத்தார்கள். நின்றிருந்த பொக்லைனின் இரும்புச் சக்கரம் முகத்துக்குப் பக்கத்தில் கடந்து போனது. சௌந்தரநாயகி வாயில் வந்ததையெல்லாம் பேசினாள்: “வாளை மீனத் திருப்பிப் போடுங்க... திருக்கைக்கு உப்பு பத்தாது... அவரு கரைக்கு வந்தா சோறு உறியில இருக்கு...” ஆம்புலன்ஸ் கதவு சாத்திய பிறகும் பேச்சை நிறுத்தப் பயமாக இருந்தது.

தஞ்சாவூரில் இதயக் குழாய் அடைப்பை எடுத்தார்கள். பிழைத்தாள். திடல் வழக்கில் கிடக்கிறது. இன்னும் கருவாடு காய்கிறது.

இப்போது நண்பகலானால் அவள் இடது கையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

“வலிக்குதா?” என்று கேட்பார் காயாரோகணம்.

“வலிக்குதுங்க” என்பாள். வாதம்தான் என்று முகம் தெளிந்துவிடும்.

புது மருந்து நன்றாக வேலை செய்கிறது என்கிறார் டாக்டரம்மா. வலி குறைந்துகொண்டே வருகிறது. நேற்றுக் கையைத் தூக்கியவள் இறக்காமல் நின்றாள்.

“இன்னிக்கு வலிக்கலீங்க.”

அவர் வலையின் கிழிசலைப் பொத்துவதை நிறுத்திவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.