வச்சிரகாயனுக்குக் கட்டுப் போட்ட கதை

புண்ணைக் காட்டும் முன் வீரத்தைக் காட்டாத நோயாளியை நான் கண்டதில்லை. மருந்துக்கட்டுப் போட்டுப் பிழைப்பு நடத்திய எவரும் இதற்குச் சாட்சி சொல்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் குழித்துறையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். அங்கே என்னைப் படாத பாடு படுத்தியவர் சிலம்பாசான் தங்கையன்.

ஆணி

தங்கையன் திருவிழாக்களில் நெற்றியால் தேங்காய் உடைப்பார். கோட்டாற்றில் அச்சடித்த நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் ‘வச்சிரகாயன்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு, கால் வீங்கும்வரை சும்மா இருந்து, கடைசியில் மனைவி பாக்கியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். “இதெல்லாம் ஒரு புண்ணா வேய்?” என்று சிரித்தார்.

டிஞ்சர் அயோடினை ஊற்றினேன். அவர் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற வண்டிமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பாக்கியம் அசையவில்லை. “தேங்கா மட்டும்தான் கம்பவுண்டரே, இவரைக் கண்டு பயப்படும்” என்றாள்.

மூன்றாவது காயம்

அடுத்த தடவை கட்டு மாற்றும்போது, பட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை; அச்சாபீஸ்காரர் போட்டதாம். கழுத்துக் கட்டியோடு காத்திருந்த, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தரும் முன்ஷி வலியை மறந்து நிமிர்ந்தார். வச்சிரம் இந்திரனின் ஆயுதம், ஒரு முனிவரின் எலும்பில் செய்தது. வைரத்துக்கும் அதுதான் பெயர். காயம் என்றால் வடமொழியில் உடம்பு. ஆக, எதுவும் துளைக்க முடியாத உடம்பு. “நம்ம பேச்சுல காயம்னா புண்ணு. அது வேற” என்று முடித்தார்.

பாக்கியம் விடவில்லை. “மூணாவது ஒண்ணு இருக்கு முன்ஷி, ரசத்துல போடுகது. இவருக்கு அதாக்கும் பொருத்தம். ஆளைக் காட்டிலும் வாசம் பெருசு.”

கத்தி

வீக்கம் கணுக்காலைத் தாண்டியது, காய்ச்சலும் வந்தது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். தங்கையன் மனைவியைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார். அவள் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கால் இல்லாமல் எப்படிக் கம்பு சுற்றுவது என்று கேட்டார். நான் போய் டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் மனமிரங்கி, முதலில் கீறிப் பார்க்கலாம் என்றார். நான் காலை அழுத்திப் பிடித்தேன். சீழோடு ஒடிந்த ஆணி முனையும் வந்தது. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. “நல்லவேளை நீர் வைரமில்லை வேய்” என்றார் டாக்டர். “என் கத்தி இறங்கியிருக்காது. கால் போயிருக்கும்.”

எதிராளி

அடுத்த திருவிழாவில் தங்கையன் லேசாக நொண்டிக்கொண்டே சிலம்பப் போட்டியில் ஆடினாராம். தன்னிடம் தோற்றவனின் உடைந்த மண்டையைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி, தானே அவனை வண்டியில் ஏற்றி வந்தார். “இதெல்லாம் ஒரு புண்ணா?” என்று அவன் மார்தட்டினான். நான் டிஞ்சர் புட்டியைத் திறந்தேன். தங்கையன் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவனுக்குக் கேட்காதபடி சொன்னார்: “மெல்ல ஊத்தும் வேய், நல்லா நோவும்.”

உலகத்தில் காயமே படாத ஆள் ஒருவர் இருக்கலாம்தான், ஆனால் அவர் எங்கள் பக்கம் எதற்கு வரப்போகிறார்?