காமாட்சியக்கா கலோவுக்கு அனுப்பிய ஜன்னல்கள்

காலையில் எங்கள் கண்ணாடிக் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. யாரோ ஒரு பெண், பர்மிய மொழியில், டோ கின் தான் என்ற பெயரைச் சொல்லி, அவர் காலமாகிவிட்டார் என்றார். ரங்கூனில் எங்கள் லான்மடாவ் தெருமுனையில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்றுவந்த அம்மாவின் பெயரும் அதுதான். பல மாதங்களாகவே அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனை வைத்தேன். வாசலுக்குத் தண்ணீர் தெளித்தேன். கண்ணாடிகளைத் துடைத்தேன். என்னோடு கடையை நடத்தும் காமாட்சியக்கா வந்ததும் மொஹிங்காக்காரம்மா போன சேதியைச் சொல்லி, இருவருமாகப் போய்விட்டு வரவேண்டும் என்று காத்திருந்தேன்.

மறுபடி அழைத்தது அக்காவின் மகள் திரி. “ஊலே, ஏன் இன்னும் வரலை? அம்மாவை வீட்ல வச்சிருக்கோம்” என்றாள். ஊலே என்றால் மாமா. எந்த அம்மாவை என்று நான் கேட்டேன். அவள் அழுதாள். முதலில் பேசியது போட்டாதாங்கில் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் என்று பிறகுதான் தெரிந்தது.

டோ கின் தான் என்பது காமாட்சியக்காவின் பர்மியப் பெயர். பெரியவர்களின் பெயருக்கு முன் பெண்களுக்கு டோ, ஆண்களுக்கு ஊ என்று மரியாதைக்குச் சேர்ப்பார்கள். எங்கள் கடை உரிமத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. இத்தனை வருடமும் அது என் தலைக்கு மேல் சட்டம் போட்டுத் தொங்கியது. ஆனால் அந்தப் பெயரால் ஒருநாளும் நான் அவரை நினைத்ததில்லை. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் கின் தான், பாதிப் பேருக்குக் காமாட்சி. இரண்டு பேரும் ஒரே காலையில் போய்விட்டது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

சாவு வீட்டிலும் அதே குழப்பம்தான். புத்த சமயத்தவரான கணவர் முன்னமே போய்விட்டார். பிக்குகளை அழைப்பதா, ஐயரை அழைப்பதா என்று திரி என்னிடம் கேட்டாள். “உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருப்பாங்களே, ஊலே?” என்றாள். கடையில் பாதி நாள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய மனிதர்கள் நாங்கள். ரப்பர், பசை, கண்ணாடியின் கனம், கலோவில் குளிர் இறங்கிவிட்டதா என்றெல்லாம் பேசியிருக்கிறோம். இதை மட்டும் பேசியதில்லை. தெரியாது என்றேன். இரு தரப்பையும் அழைத்தோம்.

கலோவைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ரங்கூனில் பிறந்து வளர்ந்து, வேர்வையைத் தவிர வேறொன்றும் அறியாத பெண், உறவுக்காரர் திருமணத்துக்காக ஒரு மார்கழியில் ஷான் மலையிலுள்ள கலோவுக்குப் போனார். இரண்டு சால்வை போர்த்தியும் தூங்கவில்லையாம். காலையில் எழுந்தால் ஜன்னலின் உள்பக்கம் தண்ணீர் வழிந்து, சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்ததாம். மரச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. வீட்டுக்காரர்கள் அதில் பழைய துணியைச் செருகி வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஆறுமுகம், குளிரு உள்ள வர்றதில்ல. சூடுதான் வெளிய ஓடுது. நாம அதைப் பிடிச்சு வைக்கணும்” என்றார்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அசையாத காற்றை அடைத்துவிட்டால் சூடு அவ்வளவு சுலபமாகத் தப்பிப் போகாது. குளிர் நாடுகளில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று எங்கேயோ கேட்டிருந்தார். எனக்கு நம்பிக்கையில்லை. காற்றாடி இல்லாமல் இருக்க முடியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிருக்கு ஜன்னல் செய்கிறோம் என்று தெருவே சிரித்தது. அவர் சிரித்தவர்களுக்கும் தேநீர் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

முதலில் செய்த ஜன்னல்கள் அடைமழைக் காலத்தில் செய்தவை. அவற்றைக் கலோவில் மாட்டிச் சில வாரங்களில் எல்லாமே வெளுத்துப் போயின. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையில் பனி படர்ந்தது போல ஈரம். உள்ளேயும் துடைக்க முடியாது, வெளியேயும் துடைக்க முடியாது. என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அக்கா திருப்பி வந்த ஒரு ஜன்னலை மேசைமேல் போட்டு வெகுநேரம் பார்த்தார். “நம்ம ரங்கூன் மழைய உள்ள வச்சு அடைச்சு அனுப்பிட்டம்” என்றார். அதற்குப் பிறகு ஈரம் உறிஞ்சும் மணிகளை ஓரப் பட்டையில் நிரப்பி, வறண்ட மாதங்களில் மட்டுமே கண்ணாடிகளை ஒட்டினோம். அவை தெளிவாக நின்றன. மலையிலிருந்து ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள்.

அப்படித் தேடி வந்தவர்தான் கலோவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஊ டின் மாங். அவர் மனைவி டோ நுவுக்குக் கால் எப்போதும் சில்லிட்டுப் போகும். அவர்கள் படுக்கையறைக்கு நாங்கள் செய்தவற்றிலேயே நல்ல ஜன்னல்களை மாட்டினோம். ஓரமெல்லாம் ரப்பர் கொடுத்து, கதவுக்கடியில் இருந்த இடைவெளியையும் அடைத்துக் கொடுத்துவிட்டு, மெழுகுவர்த்தியை ஏற்றி ஜன்னலோரம் பிடித்தார் அக்கா. சுடர் ஆடவே இல்லை. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

குளிர் கடுமையாகியிருந்த ஒரு காலையில் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துப் போய்ப் பார்த்தபோது இருவரும் நினைவில்லாமல் கிடந்தார்கள். கட்டிலுக்கருகில் கரிக் கணப்பு. கல்யாணமான நாள் முதல் அதே அறையில் அதே சட்டியில் கரி போட்டுத்தான் தூங்கியிருக்கிறார்கள். அத்தனை வருடமும் ஜன்னல் இடுக்குகள் வழியாக வெளியேறிய விஷவாயு, நாங்கள் இடுக்குகளை அடைத்த பிறகு உள்ளேயே தங்கிவிட்டது. அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை என்று வைத்தியர் சொன்னாராம். ஊ டின் மாங்குக்குச் சீக்கிரமே நினைவு திரும்பியது. டோ நு மருத்துவமனையில் நெடுநாள் கிடந்துதான் மீண்டார்.

டோ நு வீடு திரும்பும் சமயத்தில்தான் செய்தி எங்களுக்கு எட்டியது. கேட்டதும் அக்கா உட்கார்ந்தார். பிறகு எழுந்து துளைபோடும் இயந்திரத்தையும் திருப்புளிகளையும் பையில் போட்டார். பாதை நன்றாக இல்லாத காலம் அது, இரண்டு நாள் பொறுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நானும் கூடப் போனேன்.

அப்போதுதான் வீடு திரும்பியிருந்த டோ நு கட்டிலில் சாய்ந்திருந்தார். ஊ டின் மாங் ஜன்னல் பக்கம் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போங்கள் என்று அவர் சொன்னார். அக்காவும் அதற்குத்தான் வந்திருந்தார். பழைய மரச் சட்டங்களையே மாட்டித் தருகிறேன், கொடுத்த பணத்தையெல்லாம் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி இயந்திரத்தை எடுத்தார்.

“கழட்டாதே” என்றார் டோ நு. “இந்தக் கொஞ்ச நாள்தான் என் கால் சூடா இருந்துச்சு.”

“அதுதானே உங்களைக் கொல்லப் பாத்துச்சு” என்றார் காமாட்சியக்கா.

“கொல்லப் பாத்தது கரி. ஜன்னல் இல்ல.”

“கரி எப்பவும் இருந்துச்சு. ஜன்னலைத்தான் நான் புதுசாக் கொண்டாந்தேன்.”

அவர்கள் பர்மிய மொழியில் பேசிக்கொண்டதை என் தமிழில் எழுதியிருக்கிறேன். இருவரில் யார் சொன்னது சரி என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. உயிர் போய் வந்தவள் ஜன்னல் வேண்டும் என்கிறாள், செய்தவள் வேண்டாம் என்கிறாள். நடுவில் நான் திருப்புளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் எழுந்தது ஊ டின் மாங்தான். கட்டிலுக்கடியிலிருந்த கணப்புச் சட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தார். திரும்பி வந்து, பகல் முழுக்க வெயிலை உள்ளே விட்டு, நாலு மணிக்குத் திரை போட்டால் போதுமா என்று கேட்டார். போதாது, வெந்நீர்ப் புட்டியும் வேண்டியிருக்கும் என்று சொன்ன அக்கா, ஜன்னல் சட்டத்தின் மேல்புறத்தில் நீளமாகத் துளைகள் போட்டார். அவற்றுக்கு முழுதாக மூடவே முடியாத ஒரு மூடியும் செய்து பொருத்தினார். அவர் கையாலேயே காற்றுப் புகாமல் செய்த ஜன்னல் அது. “அடைச்ச வீடு எப்படி மூச்சு விடும்னு நாமதான் யோசிச்சிருக்கணும்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

ரங்கூன் திரும்பும் முன் நாங்கள் ஜன்னல் போட்ட எல்லா வீடுகளுக்கும் போனோம். சில வீடுகளில் வரவேற்றார்கள். ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, குளிரை அடைக்கச் சொல்லித்தானே உன்னைக் கூப்பிட்டேன், இப்போது ஓட்டை போட வந்திருக்கிறாயே என்று கத்தினார். அக்கா எதிர்த்துப் பேசாமல், உள்ளே கணப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பதில் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

அதற்கடுத்த குளிர்காலத்தில் மறுபடி போனபோது ஒரு வீட்டில் அந்தத் துளைகளில் துணி செருகியிருந்தது. அக்கா ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். கணப்பை எப்போதோ வெளியே வைத்துவிட்டோம், பிறகென்ன என்று வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. அக்கா துணியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்குப் புரியலை ஆறுமுகம்” என்றார். “நாம என்னதான் விக்கிறோம்?”

அந்தப் பயணத்திலிருந்து வந்ததும், போதும், இந்த வேலையை விட்டுவிடலாம், இந்த ஊருக்கு வேண்டிய ஒற்றைக் கண்ணாடியே நமக்குப் போதும் என்று நான் வாதாடினேன். அவருடன் நான் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒருமுறைதான். அவர் பொறுமையாகக் கேட்டார். “நாம விட்டா வேற யாராச்சும் செஞ்சு குடுப்பாங்க. அவங்க நெருப்பைப் பத்திக் கேப்பாங்களா?” என்றார். அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேனா என்றால், இல்லை. அவரோடு சேர்ந்து செய்தேன், அவ்வளவுதான்.

டோ நு இன்னும் அதே அறையில்தான் தூங்குகிறார். நான் தொலைபேசியில் சேதி சொன்னபோது, எந்தக் கின் தான் என்று அவர் கேட்கவில்லை. வலிக்காமல் போனாரா என்று கேட்டார். தூக்கத்தில் போனார் என்றேன். நல்லது என்றார்.

காரியங்கள் முடிந்து கடையைத் திறந்த அன்று மலையூரான ஹாக்காவிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். குழந்தை குளிரில் வாடக்கூடாது, படுக்கையறைக்கு இரட்டைக் கண்ணாடி வேண்டும் என்றார்கள். நெருப்பு எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் என்றாள் அவள். அப்படியானால் செய்து தரமாட்டேன் என்றேன். இது ஜன்னல் கடைதானே என்று கணவன் எரிச்சலோடு கேட்டான். அவர்கள் எழுந்துவிடுவார்கள் போலிருந்தது. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, உங்கள் வீடு எப்படியிருக்கும், காட்டுங்கள் என்றேன். அவள் மேசைமேல் இருந்த தூசியில் விரலால் வீட்டை வரைந்தாள். இது கதவு, இது கட்டில், இது அடுப்படி.

காமாட்சியக்காவிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது தெளிவு இல்லை. அதை அவரும் வைத்திருக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைப் போகவிடாமல் உட்கார வைத்து, நெருப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் பிடிவாதம் மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் விரலை அடுப்படிச் சுவருக்கு நகர்த்தி, இங்கே வைத்தால் சரியா என்று கேட்டாள்.

தெரியவில்லை, அந்தச் சுவரில் காற்று வெளியேறத் திறப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.