வாசலில் கட்டிய தோணி

எங்கள் ஆபீசில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள்கூடப் பாடம் எடுத்தவள் இல்லை. வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனிக்கு வரும் புகார்களுக்குக் கம்ப்யூட்டரில் எழுதிப் பதில் சொல்வது எங்கள் வேலை. ஒரே நேரத்தில் மூன்று பேரைச் சமாளிக்க வேண்டும். ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்ற வரியை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது ஒட்டுவோம். அந்த அவசரத்திலும் பக்கத்து நாற்காலிக்காரி விட்டுவிட்ட ஒற்றெழுத்தை எட்டிப் பார்த்துத் திருத்துவாள் டீச்சர். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரி நான்.

கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். மதியம் சாப்பாட்டு டப்பாவோடு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே என்ன செய்கிறாள் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். போனில் கதை எழுதிக்கொண்டிருந்தாள்.

கதை என்றால் தனியாக எழுதும் கதை இல்லை. முகம் தெரியாத ஏழெட்டுப் பேர் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, மாறி மாறி எழுதுவார்கள். அதில் ஓர் ஆற்றங்கரை ஊர். டீச்சர்தான் அந்த ஊர் மருத்துவச்சி. ‘நாற்பத்தி மூணு வயசில் உனக்கு இது தேவையா’ என்று கேட்டேன். அவள் கோபப்படாமல் விதிகளைச் சொன்னாள். அடுத்தவர் பாத்திரத்தின் சுண்டுவிரலைக்கூட நாம் அசைக்கக் கூடாது. நிஜத்தில் நீ யார், எந்த ஊர் என்று கேட்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் அடுத்தவர் பற்றிக்கொள்ள ஒரு பிடி விட வேண்டும். ஒரு கேள்வி, ஒரு சத்தம், தரையில் ஒரு காலடித் தடம், ஏதாவது.

அவளோடு அதிகம் எழுதியவன் தோணிக்காரன். இரண்டு வருஷமாக அவன் ஊர்க்காரர்களை ஆற்றைக் கடக்க வைத்தான், இவள் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தாள். அவன் எழுதிய மழையை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். சும்மா சொல்லக் கூடாது, நனைந்துவிடுவோம் போலத்தான் இருந்தது.

பிறகு அவன் பதிவுகள் சுருங்கின. ‘தோணிக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.’ இரண்டு நாள் கழித்து, ‘தோணிக்காரன் கதவைச் சாத்தினான்.’ அப்புறம், ‘தோணிக்காரனுக்குப் பசியில்லை.’ டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடியே இல்லாமல் எழுதினால் நான் எதைப் பிடித்துக்கொண்டு போவது என்று பொருமினாள். புகார்க்காரருக்குப் பதில் எழுதுவதுபோல் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பினாள். கடைசி வரி: ‘இப்படி எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.’

மன்னித்துவிடுங்கள் என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அடுத்த நாள் ஒரு பதிவு: ‘தோணிக்காரன் தன் தோணியைக் கொண்டுவந்து மருத்துவச்சி வீட்டு வாசலில் கட்டினான். துடுப்பைத் திண்ணையில் சாய்த்து வைத்தான். பிறகு கரையோரமாக நடந்து போனான்.’

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, சொன்னா எழுதறான். என்ன மாதிரி பிடி விட்டிருக்கான் பாரு" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தோணியை அதிசயமாகப் பார்க்கும் மருத்துவச்சியைப் பற்றிப் பன்னிரண்டு வரி எழுதிப் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. ஒன்பது நாள் போயிற்று. அவன் அடுத்த பதிவை ரொம்ப யோசித்து எழுதுகிறான் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

எனக்கு இந்தக் கலையெல்லாம் தெரியாது. தெரியாததால் கேட்டேன்.

"டீச்சர், தோணிதானே அவன் பொழப்பு? திரும்பி வர்றவன் அதை எதுக்கு உன் வாசல்ல கட்டிட்டுப் போகணும்?"

கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டாள். போனை எடுத்து, கடந்த இரண்டு மாதப் பதிவுகளை வரிசையாகப் படித்தாள். உட்கார்ந்திருக்கிறான். கதவைச் சாத்தினான். பசியில்லை. என் முகத்தைப் பார்த்து, "அவன் கதை எழுதலைடி, தன்னையே எழுதியிருக்கான். நான் மார்க் போட்டுட்டிருந்திருக்கேன்" என்றாள்.

தேடலாம் என்றால் யாரைத் தேடுவது? பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கேட்கக் கூடாது என்ற விதியை இரண்டு வருஷம் ஒழுங்காகக் காத்தவள் அவள்தான். குழுவை நடத்துகிறவரிடம் அவனுடைய மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. அதற்கு எழுத உட்கார்ந்தபோது அவள் விரலில் முதலில் வந்து நின்றது ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு’. அதை அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, ‘நான் சொன்னது தப்பு. நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

அதற்கும் பதில் இல்லை. அண்ணி என்ன கேட்டாலும் ஒன்றுமில்லை என்றாளாம். வேலையில் ஒருவருக்குப் போக வேண்டிய பதிலை இன்னொருவருக்கு அனுப்பி, மேலாளரிடம் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் தினமும் மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு வரி எழுதினாள். ‘மருத்துவச்சி தோணியில் தேங்கிய தண்ணீரை இறைத்தாள்.’ ‘மருத்துவச்சி கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.’ எதிலும் பிடி இல்லை. வேண்டுமென்றேதான் விடவில்லையாம். அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றக் கூடாதாம்.

தோணி வாசலுக்கு வந்த இருபத்தி மூன்றாம் நாள் நானும் படிக்கட்டில்தான் இருந்தேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவள் பார்க்க பயந்து என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன்.

‘தோணிக்காரனுக்குக் கொஞ்சம் பசிக்கிறது.’

டீச்சர் போனை வாங்கி, அந்த வரியைத் தானே ஒருமுறை பார்த்தாள். எழுத்து எழுத்தாக அடித்தாள். எப்போதும் பன்னிரண்டு வரி எழுதுகிறவள் அன்று மூன்றே வார்த்தை எழுதினாள்.

‘மருத்துவச்சி உலை வைத்தாள்.’