மரத்த உதடு முடித்த ஏலம்

காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவளுக்கு வெண்கலம் என்று பெயர் வைத்தது யாரோ, தெரியாது. அந்தத் தொண்டையைக் கேட்டால் நீங்களும் அதையேதான் வைத்திருப்பீர்கள். ஒரு கையில் மணி, மறு கையில் மாதிரிக் கூடை. கை இரண்டும் நிறைந்திருப்பதால், சரக்கு யாருக்கு என்பதை உதட்டைக் குவித்துத்தான் காட்டுவாள். உதடு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஆளுக்குச் சரக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

ஒருநாள் அவளைக் கடைவாய்ப் பல் படுத்தி எடுத்தது. கன்னம் பன் மாதிரி உப்பியது. ஏல மேடை மேல் ஒரு கண் வைத்திருந்த கொழுந்தனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

“நீங்க படுங்க அண்ணி. இன்னைக்கு மேடைய நான் பாத்துக்கறேன்.”

இன்று விட்டால் மேடை அவனுடையது என்று அவளுக்குத் தெரியாதா? மதியமே பல்லைப் பிடுங்கிக்கொண்டு மாலை ஏலத்துக்கு வந்துவிடுவதென்று கிளம்பினாள்.

டாக்டரம்மா ஈறில் ஊசி போட்டு, சற்றுப் பொறுத்துப் பல்லைத் தட்டினார். வெண்கலம் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

“ஊசில வெறும் தண்ணியவா ஏத்துனீங்க?”

“மருந்துதாம்மா. உள்ள சீழ் வச்சிருக்கு. சீழ் வச்ச எடம் புளிச்சுக் கெடக்கும். அந்தப் புளிப்புல மருந்து நரம்புக்குள்ள போகமாட்டாம வெளியவே நின்னுடும். தள்ளி, நரம்பு நல்லா இருக்கற எடமாப் பாத்துப் போடறேன்.”

இரண்டாவது ஊசி இறங்கியதும் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“படபடன்னு அடிக்குதே! பல்லோட ஆளையும் சேத்துப் பிடுங்கறீங்களா?”

“மருந்த ரத்தம் சீக்கிரம் அடிச்சிட்டுப் போயிடாம இருக்க ஒண்ணு கலந்திருக்கு. அது பண்ற கூத்து. இப்ப அடங்கிடும்.”

அடங்கியது. கீழுதடு பாதி கட்டையாகிப் போனது. பல்லை இழுப்பது தெரிந்தது, வலி மட்டும் தெரியவில்லை.

“பொழுது சாயற வரைக்கும் உதடு எங்க இருக்குன்னே தெரியாது. வீட்ல இருங்கம்மா.”

கேட்டுவிட்டால் அவள் வெண்கலமா? வாயில் பஞ்சைக் கடித்தபடியே மேடை ஏறிவிட்டாள். கூவல் கொழகொழத்தாலும் சத்தத்துக்குக் குறைவில்லை. தக்காளி ஏலத்தில், இடப்பக்கம் நின்ற கடைக்காரர் கேட்ட விலைதான் அதிகம். மணியடித்து உதட்டை அவர் பக்கம் காட்டினாள். காட்டியதாக நினைத்தாள். உதடோ வலப்பக்கம், விடுதிச் சமையல்காரரிடம் போயிருந்தது.

“நான் வாயே தொறக்கலையே!” என்றார் சமையல்காரர்.

“வெலை கேட்டவன் நானு, சரக்கு அவருக்கா?” கடைக்காரர் கூடையைப் பிடித்துக்கொண்டார்.

சந்தையே சிரித்தது. கொழுந்தன் ஒரு காலை மேடையில் வைத்தேவிட்டான். “எறங்குங்க அண்ணி. உதடே உங்க பேச்சக் கேக்கல.”

வெண்கலம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மரத்தது உதடுதானே, விரல் இல்லையே!

“வந்ததுதான் வந்த, இந்தா புடி!” என்று மணியை அவன் கையில் திணித்தாள். காலியான கையை நீட்டிக் கடைக்காரரைக் காட்டினாள். “தக்காளி இவருக்கு! டேய், அடிடா மணிய!”

வேறு வழி? அடித்தான்.

பொழுது சாயும்போது உதட்டில் எறும்பு ஊர்வதுபோல் உணர்வு திரும்பியது. வெண்கலம் அதைச் சுழித்துப் பார்த்துக்கொண்டாள், மணியைத் திருப்பிக் கேட்கவில்லை. மேடை வேண்டும் என்றவனுக்கு மேடை கிடைத்துவிட்டது. இன்றும் அண்ணி விரல் நீட்டினால் அவன்தான் மணியடிக்கிறான்.