எலும்பின் பசி

2005இல் நான் வாரத்தில் இரண்டு நாள் மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவேன். என் கணவருக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. அந்த நாட்களில் வேறு ஆளிடம் பொறுப்பை விட்டுவிட்டு என்னோடு கிளம்பிவிடுவார்.

கோடைத் தொடக்கத்தில் இடுப்பிலும் தொடையிலும் வலி பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்தால் அவர்தான் தூக்கிவிட வேண்டும். உடம்பெல்லாம் ஓயாத அரிப்பு வேறு. கிட்னி போனால் இப்படித்தான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

வார்டுக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா அப்படி விடவில்லை. என் பழைய ரத்தப் பரிசோதனைகளை வரிசையாகப் பார்த்தார்.

"ஆல்கலைன் பாஸ்படேஸ்னு ஒண்ணு மாசாமாசம் ஏறிக்கிட்டே வருதும்மா. லிவர் கெட்டாலும் அது ஏறும், ஆனா உங்க லிவர் நல்லா இருக்குது. அப்போ எலும்பு வேகமா கரையுதுன்னு அர்த்தம். கழுத்துல நாலு குட்டி சுரப்பி இருக்குது. கிட்னி கெட்டா அதுங்க வீங்கி, எலும்புல இருக்கிற கால்சியத்தை உருவிடும். அந்தச் சுரப்பி எவ்வளவு சுரக்குதுன்னு பார்க்க பி.டி.எச்.னு ஒரு டெஸ்ட் அனுப்புறேன். ரொம்ப அதிகமாத்தான் வரும், பாருங்க."

ரத்தம் சென்னைக்குப் போனது. அவர் சொன்னபடியே முடிவு வந்தது.

"டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே கரெக்டா சொல்லிட்டீங்களே மேடம்!" என்றார் என் கணவர். எனக்கோ பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். இத்தனை வலிக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சரிசெய்ய வழியும் இருந்தது.

மாத்திரைக்கு அடங்காததால் ஆபரேஷன் செய்து மூன்றரை சுரப்பிகளை எடுத்துவிட்டார்கள். சில நாளிலேயே அரிப்பு போன இடம் தெரியவில்லை. விரல்கள் மட்டும் மரத்துப்போய்ச் சுரீர் சுரீரென்றன. டாக்டரம்மா கால்சியம் ஏற்றச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"இப்போ உங்க எலும்புக்குப் பசி. ரத்தத்துல இருக்கிறதெல்லாம் இழுத்துக்குது. பால், தயிர் சாப்பிடுங்க."

"பாலா? வேணாம்னு எல்லாரும் சொன்னாங்களே மேடம்?"

"அது அப்போ. பால்ல பாஸ்பரஸ் இருக்குது, உங்க ரத்தத்துல அது ஏறிக் கிடந்துச்சு. இப்போ இறங்கிடுச்சு. அளவா சாப்பிடுங்க."

என் கணவர் அதற்குள் கேன்டீனுக்கு ஓடிவிட்டார். அவர் வாங்கிவந்த பாலைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன்.

வீடு திரும்பியபின் ரம்ஜான் வந்தது. கூனிமேட்டிலிருந்து என் பள்ளித்தோழி பால் ஊற்றிக் காய்ச்சிய சேமியாவோடு வந்தாள். "உனக்கு ஆகாதுன்னு தெரியும்டி. இது அவருக்கு," என்று தூக்குவாளியை என் கணவரிடம் நீட்டினாள். நான் தரையிலிருந்து ஒரே மூச்சில் எழுந்து அதைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் வாயைப் பிளந்து நின்றாள்.

"உங்களுக்கு டீ போட்டுத் தர்றேங்க," என்றேன் அவரிடம்.