பத்தரை மணிக்கு நிற்கும் கதவு

பொன்மலர் ரீச்சரின் பழைய காருக்குக் கதவுகள் சிறகு விரித்ததுபோல மேல்நோக்கித் திறக்கும். தூக்கிய கதவைத் தாங்கி நிற்பவை காஸ், அதாவது வாயு, அடைத்த தண்டுகள்.

"காலமை சேர்ச்சுக்கு வெளிக்கிடேக்கை கதவு மண்டையிலை விழுகுது தம்பி" என்று மூன்றாவது முறையாகக் காரைத் திருத்தக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அச்சுவேலியில் மெக்கானிக் கோபிசங்கரின் கராச் பத்தரைக்கு முன் திறந்ததே இல்லை. அவன் கதவைத் தூக்கினான். மூன்றாவது முறையும் அது அசையாமல் நின்றது. பிடித்து இழுத்தும் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

"நல்ல தண்டைக் கழட்டி மாத்த எனக்கென்ன விசரே, ரீச்சர்?"

"அப்ப நாளைக்கு விடிய ஆறு மணிக்கு என்ரை வீட்டை வந்து காரைப் பார்."

மார்கழிக் குளிரில் கொட்டாவி விட்டுக்கொண்டு போனான். கதவைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்தான். அது மெல்ல இறங்கி வந்து பிடரியில் போட்டது.

தலையைத் தடவியபடி நின்றவனுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"தண்டு பழசு, ரீச்சர். குளிருக்குக் காஸ் சுருங்கிப் போகுது. வெயில் ஏறினாத்தான் உதுக்குப் பலம் வரும்."

ரீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, தண்டை மாத்தலாம். உன்னை என்ன செய்யிறது?"