அம்மா கடலில் இறக்கிய சூரியன்

அம்மா கதை எழுத உட்கார்ந்தால் வீடு முழுக்கக் கருவாட்டு வாசனை வீசும். சமைப்பதற்காக இல்லை, அவளுக்குக் கருவாடே ஆகாது, ஒரு வாய் வைத்தாலும் குமட்டும். ஆனாலும் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய நெத்திலியைத் தாளில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கல் உப்பை நாக்கில் போட்டுக்கொண்டால்தான் அவளுக்குப் பேனா ஓடும்.

எழுபதுகளின் கடைசி அது. புதூர்நாட்டில் மலை விளிம்பை ஒட்டியது எங்கள் "வூடு". அப்பா காட்டிலாகா வாட்ச்சர். அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பியதும், அம்மா சாமை மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, என்னுடைய பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாரப் பத்திரிகைக்குக் காதல் தொடர்கதை எழுதுவாள். எழுதுகிற வசனத்தையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவாள். காதலன் அழுதால் இவளுக்கும் மூக்கு ஒழுகும். கதை நடப்பது கடலூர்க் கடற்கரையில். காதலி ஸ்டெல்லா மீனவர் வீட்டுப் பெண், காதலன் சேகர் படகோட்டி.

வேடிக்கை என்னவென்றால், அம்மா கடலைக் கண்ணால் கண்டதே கிடையாது. அமிர்தி அடிவாரத்தில் பிறந்து, மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டு நேரே மலையேறியவள். அவளுடைய கடல் பாதி கருவாட்டுக்கார அம்மாவிடம் வாங்கியது. "அலை வர்றப்போ சத்தம் இன்னா மாதிரி இருக்கும்? வலை காயறப்போ இன்னா வாசனை?" என்று குடைந்து எடுப்பாள். "எம்மா, கருவாடு வாங்க வந்தியா, கதை கேக்க வந்தியா?" என்று அந்த அம்மா தராசைக் கீழே வைத்துவிடும். மீதிப் பாதி, எங்கள் வாசலில் நின்றால் தெரியும் திருப்பத்தூர்ச் சமவெளி. சாயங்காலம் அதன் மேல் புகைமூட்டம் பரவி, கரையே இல்லாத தண்ணீராகக் கிடக்கும். அதற்குள் சூரியன் இறங்குவதைத் தினமும் பார்த்துப் பார்த்து, கடல் இப்படித்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

அப்பாவுக்கு அவள் எழுதுவது தெரியும். "எழுதிக்கினு போ. ஆனா நம்ம பேரு கெடுற மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா, அத்தனையும் அடுப்புலதான்" என்று ஒரே தடவை சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற மனிதர். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலை நடத்துகிறவர். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், மலைக்கு ஆளும் தபாலும் ஏற்றிவரும் ஜீப்காரர் கொண்டுவந்த கடிதத்தை அப்பாவே பிரித்துவிட்டார். பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறாராம்: எங்கள் ஊரில் சூரியன் கடலில் உதிக்கும், ஊர்ப்பக்கம்தான் மறையும், ஒன்பதாம் அத்தியாயத்தில் அது எப்படிக் கடலுக்குள் இறங்கிற்று? கடலூரில் பிறந்தவர் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தானே போட்டோம்? இந்த வாரமே சரிசெய்து அனுப்பாவிட்டால், வருத்தம் தெரிவித்துத் தொடரை நிறுத்திவிடுவோம்.

"கடலூர்ல பொறந்தேன்னு எழுதினியா?" என்றார் அப்பா. அம்மா பழைய இதழை எடுத்து ஒன்பதாம் அத்தியாயத்தைத் தேடினாள். "சூரியனை வுடு. நீ சொன்னது பொய்யா இல்லியா?"

"மலைக்காரின்னா கடல் கதையை யாருங்க போடுவாங்க?" என்றாள் அம்மா. அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவின் காகிதக் கட்டு அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளித்தான் இருந்தது. எனக்கு அதைத் தவிர வேறெதிலும் கண் போகவில்லை.

மறுநாள் பத்து மணி ஜீப்பில் அப்பா திருப்பத்தூர் ஆபீசுக்குப் போக வேண்டும். அதை விட்டால் தபாலுக்கு வழியில்லை. அம்மா விடிந்ததிலிருந்து எழுதாமல் பழைய இதழையே புரட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று "ஐயோ, இதைச் சொன்னது சேகர்தானே!" என்று கத்தினாள். சூரியன் கடலில் முங்குகிறது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னது அவன்தான், கதையாசிரியை இல்லை.

மூட்டை மேல் ஏறினாள். அப்பா யூனிஃபார்மோடு வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வழக்கம்போல உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினாள். "நம்ம கடல்ல சூரியன் பொறக்கும் சேகர், முங்காது. நீ யாரு?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. "நான் மலைக்காரன். கடலையே பார்க்காதவன். சொன்னா நீ பேசவே மாட்டேன்னு பயந்துதான் பொய் சொன்னேன்" என்றான் சேகர். அதைச் சொல்லிவிட்டு அம்மா மூக்கை உறிஞ்சினாள். அப்பா திரும்பவில்லை, காலை மட்டும் மாற்றி வைத்தார். கீழே ஜீப் ஹாரன் அடித்தது. நான் ஓடிப்போய், "அம்மா எழுதறாங்க, கொஞ்சம் இருங்கண்ணே" என்று கெஞ்சினேன். "பாப்பா, பதினஞ்சு பேர் குந்திக்கினு கீறாங்க!" என்று ஜீப்காரர் மறுபடியும் ஹாரனை அடித்தார்.

ஸ்டெல்லா பதில் சொல்லாமல் நடந்துபோனாள்; தொடரும். அம்மா உறையை ஒட்டி நீட்டினாள். அப்பா அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தபாலில் போட்டாரா, கிழித்தெறிந்தாரா? கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்த இதழை அம்மா நின்றபடியே பிரித்தாள். அத்தியாயம் அச்சாகியிருந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன்.

அதன்பின் என்னை விடுதியில் சேர்த்துவிட்டார்கள். ஸ்டெல்லா அவனை ஏற்றுக்கொண்டாளா என்று நான் படிக்கவே இல்லை. அம்மாவைக் கேட்டால், "எழுதினவளுக்கே மறந்துபோச்சு, போடி" என்பாள். இப்போது புதூர்நாட்டுக்குப் பஸ் போகிறது. அந்தப் பத்திரிகை நின்றுபோய்விட்டது; பழைய புத்தகக் கடைகளில் தேடி அலுத்துவிட்டேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன மாதம், என்னோடு இருக்கும் அப்பாவிடம், ஸ்டெல்லா சேகரை ஏற்றுக்கொண்டாளா என்று சும்மா கேட்டுவைத்தேன். அவருக்கு இப்போது பாதி விஷயம் நினைவில் இல்லை.

"ஏத்துக்கினா" என்றார் உடனே. "கடைசிக் கவரையும் நாந்தானே எடுத்துக்கினு போனேன். ஜீப்லயே பிரிச்சுப் படிச்சுட்டு, ஆபீஸ் கோந்து போட்டு ஒட்டிட்டேன்."

"அவ ஏத்துக்கலைன்னா?"

"போஸ்ட்டே பண்ணியிருக்க மாட்டேன்" என்றார்.